வரவேண்டிய 34 லட்சம்: ஒரிஜினல் பில்லை ஏஜென்டிடம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: திருப்பூரில் நானும் என் மச்சானும் கூட்டாக நிட்டிங் யூனிட் நடத்துகிறோம். நாங்களே நூல் வாங்கி, துணி ஓட்டி விற்கிறோம். பெங்களூருவில் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு 2023 நவம்பர் 4 முதல் 2024 மார்ச் 20 வரை ஆறு பில்லில் 39 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குத் துணி போட்டோம். 60 நாள் கிரெடிட். 2024 ஆகஸ்டில் செக்காக 3 லட்சமும் 2025 பிப்ரவரியில் ஆர்டிஜிஎஸ் மூலம் 2 லட்சமும் வந்தன. பிறகு ஒரு ரூபாய் கூட வரவில்லை. தேதி போடாத 10 லட்ச ரூபாய் செக் ஒன்று செக்யூரிட்டியாகக் கையில் இருக்கிறது. 2021-லேயே உத்யம் (அரசின் குறு, சிறு தொழில் பதிவு) பதிவு செய்துவிட்டோம். வசூல் ஏஜென்ட் ஒருவர், "ஒரிஜினல் பில்லையும் செக்கையும் கொடுங்கள், போலீஸ், என்சிஎல்டி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் 20 சதவீதம் கொடுத்தால் போதும்" என்கிறார். கொடுக்கலாமா? கேஸ் போட இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது?

பதில்: கொடுக்காதீர்கள். பில்லை மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட வெற்று வக்காலத்தோ வெற்று ஸ்டாம்ப் பேப்பரோ கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்ன இரண்டு மிரட்டல்களும் உங்கள் விஷயத்தில் வேலைக்கு ஆகாதவை. என்சிஎல்டி எனப்படும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு போட, வரவேண்டிய தொகை குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து இதுதான் வரம்பு. உங்களுடையது 34 லட்சத்து 20 ஆயிரம். போலீஸ் வழியும் அப்படித்தான். சரக்கு வாங்கியபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. 5 லட்சம் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டவரை அப்படிக் காட்டுவது கடினம். ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசினால் பணம் வரும் என்று ஏஜென்ட் சொல்வார். அங்கே நடப்பது என்ன? 5 லட்சமோ 6 லட்சமோ கொடுத்து, "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்வார்கள். பணத்தில் பாதி ஏஜென்டின் கணக்கில் நிற்கும். மீதி 28 லட்சத்தைப் பிறகு எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். வருவதில் இத்தனை சதவீதம் என்று ஒரு வக்கீலே பேரம் பேசினாலும் விலகிவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்திருக்கின்றன.

இனி நாள் கணக்கு. உங்கள் கேள்வியிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

சரக்கு விற்ற பணத்துக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. கிரெடிட் பேசியிருந்தால், அது முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2023 நவம்பர் 4 பில்லுக்கு 60 நாள் முடிவது 2024 ஜனவரி 3, ஆகவே அந்தப் பில்லுக்குக் கெடு 2027 ஜனவரி 3. கடைசிப் பில்லான 2024 மார்ச் 20-க்கு 60 நாள் முடிவது மே 19, அதன் கெடு 2027 மே 19. நடுவில் உள்ள நான்கும் அந்தந்தத் தேதிப்படி. பில்லுக்குப் பில் தனிக் கடிகாரம் ஓடுகிறது. கடைசிப் பில்லிலிருந்துதான் மொத்தத்துக்கும் கணக்கு என்று உங்கள் ஆடிட்டரோ பக்கத்து யூனிட்காரரோ சொன்னால் நம்பாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரம் முழுக்க இருக்கிறது. தொடங்காது. பத்து நோட்டீஸ் அனுப்பினாலும் ஒரு நாள்கூட நீளாது. கெடு தாண்டிப் போட்ட பண வழக்கில் "தாமதத்தை மன்னியுங்கள்" என்று மனுப்போடவும் வழி இல்லை. அந்தச் சலுகை அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான், புது வழக்குக்குக் கிடையாது.

"நடுவில் 5 லட்சம் வந்ததே, அது கெடுவை நீட்டாதா?" என்று கேட்பீர்கள். நீட்டும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. காலவரம்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, கெடு முடிவதற்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்டினால், கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணம் கட்டியது, கட்டியவரின் கையெழுத்தில் எழுதியதாகவோ அவர் கையொப்பமிட்டதாகவோ ஓர் எழுத்தில் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டு செக் கையொப்பமிட்ட எழுத்துதான், அதில் தகராறு குறைவு. அந்தச் செக்கின் நகலையும் அது வரவான பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். 2025 பிப்ரவரி ஆர்டிஜிஎஸ்ஸில் உங்கள் பேங்க் புத்தகத்தில் ஒரு யுடிஆர் எண் (பணப் பரிமாற்ற எண்) மட்டும்தான் இருக்கிறது. அவர் கையொப்பம் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். "2 லட்சம் அனுப்பியிருக்கிறோம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கம்பெனி டைரக்டர் பெயர் போட்டு ஒரு மெயில் வந்திருந்தால் நிலைமையே வேறு. பழைய மெயில்களில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த 2 லட்சத்தை நம்பிக் கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு குழி. வந்த 5 லட்சத்தை எந்தப் பில்லில் வரவு வைத்தீர்கள்? இன்ன பில்லுக்கு என்று அவர் சொல்லாமல் அனுப்பியிருந்தால், எதில் வரவு வைப்பது என்பது உங்கள் உரிமை. நீங்களும் எதையும் குறிக்காவிட்டால், ஒப்பந்தச் சட்டப்படி பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். உங்கள் டேலி லெட்ஜரில் முதல் பில்லுக்கு எதிராகவே வைத்திருப்பீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்போது செக்கால் கிடைத்த புதிய மூன்று ஆண்டு முதல் பில்லின் மிச்சத்துக்கு மட்டும்தான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். இரண்டாவது பில்லிலிருந்து ஆறாவது வரை பழைய கெடுவே நிற்கும். பில் பில்லாக அல்ல, எல்லாம் சேர்ந்த ஒரே ஓடும் கணக்கு என்று நீங்கள் எதிர்வாதம் செய்யலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் 34 லட்சத்தை ஒரு வாதத்தின் மேல் ஏற்றி வைக்க வேண்டாம். 2027 ஜனவரி 3-ஐ மொத்தக் கணக்குக்கும் கடைசி நாளாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கெடுவை உறுதியாக நீட்ட ஒரே வழி பேலன்ஸ் கன்ஃபர்மேஷன். கம்பெனி லெட்டர்ஹெட்டில், தேதியோடு, "இன்ன தேதியில் உங்களுக்கு நாங்கள் தரவேண்டியது 34,20,000 ரூபாய்" என்று டைரக்டர் கையெழுத்தும் சீலும் இருக்க வேண்டும். கெடு முடிவதற்கு முன் வாங்க வேண்டும். அக்கவுன்டன்ட் கையெழுத்தில் வாங்கினால், அவருக்கு அதிகாரம் இருந்ததா என்ற சண்டையையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

அடுத்து, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. நானும் மச்சானும் கூட்டாக என்கிறீர்கள். பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதியிருப்பீர்கள், பான் கார்டும் ஜிஎஸ்டியும் வாங்கியிருப்பீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்தீர்களா? பத்திரத்தை நோட்டரி செய்தது பதிவு ஆகாது. ஜிஎஸ்டி பதிவும் அந்தப் பதிவு அல்ல. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 69-வது பிரிவு: பதிவு பெறாத நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வெளியாரிடம் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. வழக்குப் போடும் நாளில் பதிவு இருக்க வேண்டும், பங்குதாரர்கள் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். போட்டுவிட்டுப் பிறகு பதிவு செய்தால் பழுது தீராது. கணக்கு சுத்தமாக இருந்தும் இந்த ஒரு காரணத்துக்காகத் தோற்ற வழக்குகள் ஏராளம், அதுவும் ஐந்தாறு ஆண்டு நடந்தபின். பதிவு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். இருந்தால் பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். நடுவில் பங்குதாரர் மாறியிருந்தால் அந்த மாற்றமும் அதில் ஏறியிருக்க வேண்டும்.

எங்கே போவது? இரண்டு கதவு இருக்கிறது, இரண்டிலும் ஒரே நேரத்தில் நுழைய முடியாது.

ஒன்று எம்எஸ்எம்இ கவுன்சில். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கான வழி இது. விற்பனைக்கு முன்பே, 2021-ல் உத்யம் வாங்கியது உங்களுக்குப் பெரிய பலம். சரக்குப் போட்டபின் பதிவு வாங்கியவர்கள் இப்போது தடுமாறுகிறார்கள். வாங்குபவர் பெங்களூருவில் இருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்குக் கோயம்புத்தூர். மனு இணையதளம் வழியாகத்தான்.

இந்தச் சட்டத்தில் நீங்கள் பேசிய 60 நாள் செல்லாது. என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிரெடிட் கிடையாது. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18 சதவீதம், மாதக் கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19.56 சதவீதம். 34,20,000-க்கு ஓராண்டுக்கு 6 லட்சத்து 69 ஆயிரம் சுமாருக்கு ஏறும். பில்லின் அடியில் நீங்களே அச்சடித்த "24 சதவீத வட்டி" வரிக்கு எதிர்த்தரப்பு கையெழுத்து இல்லை, அதன் மேல் தகராறு வரும். சட்டம் தரும் வட்டிக்கு அந்தத் தகராறு இல்லை. தீர்ப்பை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சும்மா இழுத்தடிப்பதற்காக அப்பீல் போடுபவரை இது ஒன்றே நிறுத்தும்.

குறை என்ன? 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 90 நாளில் முதல் அமர்வுக்குத் தேதி வந்தாலே பெரிது. நோட்டீஸ் போகாமல் திரும்பி வரும், கூட்டம் தள்ளிப்போகும், மறுபடி நோட்டீஸ். சிறு தொழில்காரரைக் காப்பாற்ற எழுதிய சட்டத்தை இப்படி நடத்துவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

இன்னொரு கதவு வணிக நீதிமன்றம். 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலுமான வணிக வழக்குகளுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் கேட்கும் தொகையில் 3 சதவீதம், உங்களுக்கு அசலுக்கு மட்டும் 1,02,600 ரூபாய். ஆனால் நேராக வழக்குப் போட முடியாது. 12ஏ பிரிவுப்படி முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 1,000 ரூபாய் கட்டிச் சமரச மனு கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வரவே வராது என்று ஊருக்கே தெரிந்தாலும் நோட்டீஸ், மறு நோட்டீஸ் எல்லாம் போய், "சமரசம் தொடங்கவில்லை" என்ற அறிக்கை கைக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கடன்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று மாதம் அது. சமரசத்தில் கழியும் காலம் கெடுவில் சேராது என்பது ஒன்றுதான் ஆறுதல். வழக்கு நம்பரான பிறகு நன்மைகள் உண்டு. சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் எதிருரை (எழுத்தில் பதில்) போடாவிட்டால் பிரதிவாதி அந்த உரிமையையே இழப்பார். சாதாரண சிவில் வழக்கில் இந்தக் கண்டிப்பு கிடையாது.

உங்கள் நிலையில் என் யோசனை கவுன்சில்தான். கம்பெனி இயந்திரங்களை விற்கிறது, சொத்தைக் கைமாற்றுகிறது என்று கையில் பிடித்துக் காட்டத்தக்க ஆதாரம் இருந்தால் மட்டும் நீதிமன்றத்துக்குப் போங்கள். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம், அந்த அவசரத்துக்காகச் சமரசப் படியைத் தாண்டவும் இடம் உண்டு. சமரசத்தைத் தவிர்க்கவே ஒப்புக்கு ஒரு ஜப்தி மனுவைச் சேர்த்தால் நீதிமன்றம் கண்டுபிடித்துவிடும், வழக்கே போய்விடும். எந்தக் கதவானாலும் 2026-லேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

கையில் உள்ள 10 லட்ச ரூபாய் செக் தனி வழி. கவுன்சிலோ வழக்கோ நடக்கும்போதே இதையும் நடத்தலாம். கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் தேதியைப் பின்னால் நிரப்பினாலும் அது கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உங்கள் பக்கம்தான். செக்யூரிட்டி செக் என்று சொல்வதால் மட்டும் அவர் தப்ப முடியாது. ஆனால் கடன் காலவரம்புக்குள் உயிரோடு இருக்கும்போதே செக்கை வங்கியில் போட வேண்டும். தேதி போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பி வந்தால் ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டு) கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். அது அவருக்குக் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார், உங்கள் வங்கிக் கிளை திருப்பூரில் என்பதால் திருப்பூரிலேயே. இந்த நோட்டீஸில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். "பாக்கி 34 லட்சத்து 20 ஆயிரத்தையும் கொடு" என்று மொத்தமாக எழுதிவிடுவார்கள். செக்கில் உள்ள தொகை, 10 லட்சம், அதைத்தான் கேட்க வேண்டும். மீதிக்குத் தனி நோட்டீஸ் அனுப்புங்கள். புகாரில் டைரக்டரை மட்டும் போட்டுக் கம்பெனியை விட்டுவிட்டாலும் வழக்கு நிற்காது.

இப்போது ஆதாரம். ஆறு பில், ஒவ்வொன்றுக்கும் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு), லாரி ரசீது, அவர்கள் குடோனில் சரக்கு இறக்கிக் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான். சலானில் கையெழுத்து இல்லாத பில்களை இப்போதே பிரித்து வைத்து, அவற்றுக்கு வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பில்லுக்கு அவர்கள் ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்திருந்தால், சரக்கே வரவில்லை என்று சொல்ல வாய் வராது. உங்கள் 26ஏஎஸ்ஸில் (வருமானவரித் துறையின் வரிக்கணக்குத் தாள்) அவர்கள் பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், தெரிந்தால் அதையும் பிரின்ட் எடுங்கள். அது கொள்முதலுக்கு ஆதாரம், கெடுவை நீட்டும் கையெழுத்தாக மட்டும் அதை எண்ணாதீர்கள்.

கேஸ் என்றதும் "ஜிஎஸ்எம் (துணியின் எடை) குறைவு, துணியில் ஓட்டை, ஷேடு மாறிவிட்டது" என்று, பில் தொகையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் டெபிட் நோட் வரும். கவுன்சில் சட்டத்தில் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். இரண்டு ஆண்டு கழித்து வரும் டெபிட் நோட்டுக்கு மதிப்பு குறைவு, ஆனால் நீங்கள் பதில் சொல்லாமல் விட்டால் மதிப்பு கூடும். வந்த அன்றே மெயிலில் மறுத்து எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் தருகிறேன் அண்ணா" என்று வந்த செய்திகள் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதி உங்கள் கையெழுத்தில், இன்னொரு பகுதி நிபுணர் கையெழுத்தில், ஹாஷ் எண்ணோடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு). அதனால் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், உங்கள் தரப்புச் செய்திகளையும் சேர்த்தே வையுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை, இன்றே செய்யலாம். அந்தக் கம்பெனி உங்களுக்கு அனுப்பிய செக்கிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் அவர்களுடைய வங்கி, கிளை, கணக்கு எண் இருக்கும். குறித்து வையுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அவர்களுடைய ஆவணங்களைப் பாருங்கள். கம்பெனி இன்னும் பதிவேட்டில் இருக்கிறதா, டைரக்டர்கள் யார், சொத்தின் மேல் எந்த வங்கிக்கு அடமானம் என்பதெல்லாம் அதில் தெரியும். ஜிஎஸ்டி தளத்தில் பதிவு ரத்தாகிவிட்டதா என்றும் பாருங்கள். தீர்ப்பு வாங்கியபின் நிறைவேற்று மனுவில் வங்கிக் கணக்கை முடக்கக் கேட்கும்போது, எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்; நீதிமன்றம் தேடித் தராது.